மலைமேல் நின்ற பெயர்

நுழையும்முன்

உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் பெயரைச் சிறுபிள்ளையும் சொல்லும். அப்பெயருக்கு உரியவர் யார், அவருக்கும் அம்மலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் விடை எளிதில் வருவதில்லை. அச்சிகரத்தில் ஏறாதவர், அதைக் கண்ணால் கண்டதற்குச் சான்று இல்லாதவர், தம் பெயரை அதற்கு இடுவது பொருந்தாது என மறுத்தவர். அவருடைய வாழ்க்கையே இப்பாடம்.

மலைகளுக்குப் பெயரிடும் வழக்கம் மிகப் பழையது. நிறத்தால் பெயர் பெற்றது நீலகிரி. விலங்கால் பெயர் பெற்றது ஆனைமலை. இமயத்தில் வெண்பனி போர்த்து நிற்பது தவளகிரி. தெய்வத்தின் பெயரைத் தாங்கி நிற்பது நந்தாதேவி. இப்பெயர்களை முதன்முதலில் இட்டவர் யார் என்பதை எவரும் அறியார். மலையடிவாரத்தில் வாழ்ந்தோர் தலைமுறை தலைமுறையாக அழைத்து வந்தமையால் அவை நிலைபெற்றன. தனிமனிதர் ஒருவரின் பெயரைச் சுமந்து நிற்கும் மலைகளின் செய்தி வேறு. அவற்றுக்குப் பெயர் வந்த ஆண்டைச் சொல்ல முடியும். பெயரிட்டவரைச் சொல்ல முடியும். சில வேளைகளில் எதிர்த்தவரையும் சொல்ல முடியும். எவரெஸ்ட் சிகரம் அத்தகையது. அதன் பெயரை எதிர்த்தவருள் அப்பெயருக்கு உரியவரும் ஒருவர் என்பதே இங்கு வியப்பு.

பரங்கிமலையில் தொடங்கிய கோடு

ஜார்ஜ் எவரெஸ்ட் 1790ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் பிறந்தார். வுல்விச் படைக்கல்லூரியில் பயின்று, பதினாறாம் வயதில், 1806இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப் படையில் சேர இந்தியாவுக்கு வந்தார். கணக்கிலும் வானியலிலும் அவருக்கிருந்த தேர்ச்சியை மேலோர் விரைவில் கண்டுகொண்டனர். சாவகத் தீவை அளக்கும் பணிக்கு அவர் அனுப்பப்பட்டார். அதன்பின் வங்காளத்தில் ஆறுகளைச் சீர்செய்யும் வேலையும், கைகாட்டிக் கோபுரங்கள் வழியே செய்தி அனுப்பும் தடம் அமைக்கும் வேலையும் அவருக்கு வாய்த்தன.

அவருடைய வாழ்வின் போக்கை மாற்றிய பணி, அவர் இந்தியாவுக்கு வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் தொடங்கியிருந்தது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி சென்னைப் பரங்கிமலையின் அடியில் சங்கிலி ஒன்றைத் தரையில் நீட்டி அளக்கத் தொடங்கினார். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலிக்கு நிழல் அமைத்து, நிலத்தின் ஏற்ற இறக்கங்களையும் கணக்கில் கொண்டு, பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அவர் அளந்து முடிக்க ஆறு வாரங்களாயின. அந்தக் குன்றின் பெயரையும் இங்கு நோக்க வேண்டும். பரங்கியர் என நம் முன்னோர் அழைத்த போர்த்துக்கீசியரால் பரங்கிமலை ஆயிற்று; அதே குன்றை ஆங்கிலேயர் புனித தோமையர் மலை என்றனர். இந்தியாவையே அளந்த ஒரு பெரும்பணி, இரண்டு பெயர் கொண்ட குன்றின் அடியில் தொடங்கியது.

அளவையின் முறை எளிமையானது, செயற்படுத்துவதே கடினம். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறு கிடைத்த பக்கத்தை அடிக்கோடாகக் கொண்டு அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம். இவ்வாறு முக்கோணங்களைச் சங்கிலி போலக் கோத்து நாடு முழுவதையும் அளந்துவிட முடியும். கோணத்தை அளக்கும் தியோடலைட் என்னும் பெருங்கருவியோ அரை டன் எடையுள்ளது. குன்றில்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் விமானங்களும் கோபுரங்களுமே குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அக்கருவியைக் கயிறு கட்டி மேலே ஏற்றியபோது, அது சுவரில் மோதி வட்டத்தகடு வளைந்துபோனது. வேறொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பர். லாம்டன் கூடாரத்துக்குள் அமர்ந்து ஏறத்தாழ ஆறு வாரங்கள் உழைத்துத் தம் கைகளாலேயே அதைச் சீர்செய்தார்.

கன்னியாகுமரிக்கு அருகிலிருந்து வடக்கு நோக்கி, 78ஆம் தீர்க்கக்கோட்டை ஒட்டி, முக்கோணங்களின் வரிசை வளர்ந்தது. புவியின் வடிவத்தைத் துல்லியமாக அறிவதே அதன் உயர்நோக்கம். நிலத்தை அளந்து வரி தண்டுவதும் படைநடத்துவதும் கம்பெனிக்கு அதனால் விளைந்த பயன்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1818இல் இப்பணிக்குப் பெரும் முக்கோண அளவை எனப் பெயர் வழங்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் ஐதராபாத்தில் லாம்டனின் உதவியாளராக எவரெஸ்ட் வந்து சேர்ந்தார்.

காடும் காய்ச்சலும்

கிருட்டிணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட அடர்காடுகளை அளக்கும் வேலை எவரெஸ்டிடம் ஒப்படைக்கப்பட்டது. மழைக்காலம் முடியும் வேளையே அளவைக்கு ஏற்ற காலம். காற்றில் தூசி அடங்கித் தொலைவு தெளிவாகத் தெரியும். கொசுக்கள் பெருகுவதும் அப்பருவத்திலேயே. காய்ச்சல் கண்டு முகாமே படுத்துவிட்டது. எவரெஸ்டும் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அன்று அவரைப் பற்றிய நோய் பிற்காலத்திலும் அவரை முழுமையாக விட்டு நீங்கவில்லை.

உடல் தேறுவதற்காக 1820இல் அவர் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டார். ஓய்வுக்குச் சென்றவர் அங்கும் ஓய்ந்திருக்கவில்லை. லக்காய் என்னும் பிரெஞ்சு வானியலார் 1752இல் அங்கு அளந்த அளவு ஏன் பிழைபட்டது என்று ஆராயலானார். அருகிலிருந்த மலைகளின் ஈர்ப்பு, தொங்கவிட்ட தூக்குக் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்பது அவர் கண்ட விடை. மலை அசையாமல் நின்றாலும், தன்னை அளக்க வரும் கருவியை அது அசைக்கும். இக்கருத்துப் பின்னாளில் இமயமலைக்கு அருகில் பெரிய வடிவில் அவர்முன் வந்து நின்றது.

1823 சனவரியில், தமது எழுபதாம் அகவையை ஒட்டிய முதுமையிலும் முகாமில் பணியாற்றிய லாம்டன், நாகபுரிக்குச் செல்லும் வழியில் இங்கன்காட்டில் காலமானார். பெரும்பணி முழுவதும் எவரெஸ்டின் தோளில் விழுந்தது. இரண்டே ஆண்டுகளில் கைகால் செயலிழக்கும் அளவுக்கு அவரை நோய் வாட்டியது. கருவியின் அருகில் அவரைத் தூக்கி அமர்த்த வேண்டியிருந்தது. 1825இல் இங்கிலாந்துக்குச் சென்ற அவர் ஐந்தாண்டுகள் அங்கிருந்து, புதிய கருவிகளைத் தம் மேற்பார்வையில் செய்வித்துக்கொண்டு, 1830இல் இந்தியாவின் தலைமை நில அளவராகத் திரும்பி வந்தார்.

துல்லியம் என்னும் பிடிவாதம்

எவரெஸ்ட் இனிய மனிதர் அல்லர். சினம் அவருடன் பிறந்தது. சிறு பிழையையும் பொறுக்கமாட்டார். உதவியாளர்களைக் கடுஞ்சொற்களால் வாட்டுவார். ஊர்மக்களின் வீடோ மரமோ பார்வைக்கோட்டை மறைத்தால் அதை அகற்றத் தயங்கமாட்டார். அளவையர் வரும் ஊர்களில் அச்சமும் வெறுப்பும் எழுந்தமைக்கு இவ்வியல்பும் ஒரு காரணம். பிறர் தம்மைக் கம்பாஸ்வாலா என்று அழைப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. தம்மை எவ்வாறு அழைக்க வேண்டும் என்பதில் இத்தனைக் கருத்தாயிருந்தவர், மலைகளையும் ஊர்களையும் அழைக்கும் முறையிலும் அதே கருத்துடன் இருந்தார். எந்த இடத்துக்கும் அங்கு வாழும் மக்கள் வழங்கும் பெயரைக் கேட்டறிந்து அதையே படத்தில் எழுத வேண்டும் என்று தம் கீழ்ப் பணியாற்றியோரைப் பழக்கினார்.

அவருடைய கடுமையின் மறுபக்கம் திறமையை மதிக்கும் குணம். ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன் கருவிகளைப் பழுதுபார்ப்பதில் வல்லவர். ஐரோப்பியர் அல்லாதார்க்கு அத்தகைய பொறுப்பைத் தரத் தயங்கிய அக்காலத்தில், அளவைத் துறையின் கருவி வினைஞராக அவர் அமர்வதற்கு எவரெஸ்ட் வாதாடினார். கல்கத்தா இந்துக் கல்லூரியில் பயின்ற இராதாநாத் சிக்தார் என்னும் இளைஞர் 1831இல் கணிப்பாளராகச் சேர்ந்தார். அக்காலத்தில் கணக்குகளைப் போடும் பணியாளரே கணிப்பாளர் எனப்பட்டனர். சிக்தாரின் கணித அறிவில் எவரெஸ்ட் கொண்ட மதிப்பு பெரிது. அவர் வேறு துறைக்குச் செல்ல விரும்பியபோது எவரெஸ்ட் அவரை விட மறுத்துவிட்டார்.

கங்கைச் சமவெளியில் குன்றுகளே இல்லை. ஆதலால் ஏறத்தாழ 50 அடி உயரமுள்ள கற்கோபுரங்களை எவரெஸ்ட் எழுப்பினார். பகலில் புழுதியும் கானலும் பார்வையைக் கெடுத்தமையால் இரவில் விளக்கேற்றிக் கோணங்களை அளந்தார். முசூரிக்கு அருகிலுள்ள ஆத்திபாவ் என்னும் இடத்தில் மாளிகை ஒன்றை வாங்கி அதையே தம் இருப்பிடமாகவும் அலுவலகமாகவும் கொண்டார். டேராடூனில் ஓர் அடிக்கோட்டைப் புதிய கருவிகளால் அளந்தார். முன்பு லாம்டன் காலத்துச் சங்கிலியால் அளக்கப்பட்ட பீதர் அடிக்கோட்டையும் 1841இல் மீண்டும் அளப்பித்தார். வடக்கிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், பீதர் மண்ணில் நேரே அளந்த நீளத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு ஓரடிக்கும் குறைவே. கன்னியாகுமரி முதல் முசூரி வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள வில் நிறைவடைந்தது. உலகில் அதுவரை இத்தனை நெடிய வில்லை எவரும் இத்தனைத் துல்லியமாக அளந்ததில்லை.

ஆயினும் ஒரு சிறு பிணக்கு எஞ்சியது. கல்யாண்பூர், கலியானா என்னும் இரு நிலையங்களுக்கு இடையிலான அகலாங்கு வேறுபாட்டை முக்கோணங்களாலும் விண்மீன்களாலும் அளந்தபோது, ஏறத்தாழ ஐந்தேகால் வினாடிக்கோணம் ஒத்துவரவில்லை. தரையில் அது சுமார் 150 மீட்டர். இமயத்தின் ஈர்ப்பே காரணம் என்று ஜான் பிராட் என்னும் கணிதப் புலமை மிக்க பாதிரியார் கணக்கிட்டார்; கணக்கின்படியோ அவ்வேறுபாடு இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டும். மலை தன் பருமனுக்கு ஏற்ற அளவு ஈர்க்கவில்லை! மலைகளுக்கு அடியிலுள்ள பொருள் அடர்த்தி குறைந்தது. பனிக்கட்டி நீரில் மிதப்பதுபோல மலைகளும் ஆழ்ந்த வேர்களுடன் மிதக்கின்றன என்னும் கொள்கை இப்பிணக்கிலிருந்தே 1855ஆம் ஆண்டளவில் பிறந்தது. எவரெஸ்டின் அளவைகளால் விளைந்த அறிவுப் பயன்களுள் இதுவே தலையாயது என்று கருதலாம். மலைக்கு இட்ட பெயர் பெற்ற புகழை இது பெறவில்லை.

பதினைந்தாம் சிகரம்

1843இல் எவரெஸ்ட் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். அவருடைய மாணாக்கர் போலிருந்த ஆண்ட்ரூ வா தலைமை நில அளவரானார். இமயத்தின் உயர்ந்த சிகரங்களை அளக்கும் பணி வாவின் காலத்தில்தான் முழுவீச்சில் நடந்தது. நேபாளம் அயலாரைத் தன் எல்லைக்குள் விடவில்லை. அதனால் அளவையர் பீகாரின் சமவெளியில், காய்ச்சல் மலிந்த தராய் நிலத்தை ஒட்டி நின்று, 160 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பனிமுடிகளை நோக்கினர். ஆண்டில் பெரும்பகுதி முகில் மறைக்கும். விலகிய சில நாள்களில் அளந்தாக வேண்டும். அந்நிலங்களில் காய்ச்சலுக்கு உயிர்கொடுத்த பணியாளர் பலருடைய பெயர்கள் எம்மலைக்கும் இடப்படவில்லை.

உள்ளூர்ப் பெயர் தெரியாத சிகரங்களுக்கு எண்களே பெயராயின. பதினைந்தாம் எண் பெற்ற சிகரம் அடுக்கடுக்கான மலைகளுக்குப் பின்னே ஒதுங்கி நின்றது. தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு முன்வரிசை மலைகளே உயர்ந்தவையாகத் தோன்றும். அதுகாறும் கஞ்சன்சங்காவே யாவற்றினும் உயர்ந்தது என எண்ணப்பட்டது. வெவ்வேறு நிலையங்களிலிருந்து எடுத்த கோணங்கள் கல்கத்தாவுக்கு வந்தன. அங்குத் தலைமைக் கணிப்பாளராக இருந்தவர் இராதாநாத் சிக்தார். புவியின் வளைவைக் கழிக்க வேண்டும். குளிர்ந்த காற்றில் ஒளி வளைந்து வருவதைத் திருத்த வேண்டும். 1852ஆம் ஆண்டளவில் பதினைந்தாம் சிகரமே உலகில் உயர்ந்தது என்பது அக்கணக்குகளால் வெளிப்பட்டது. சிக்தார் ஓடோடிச் சென்று தம் மேலவரிடம் அறிவித்ததாக வழங்கும் காட்சி பிற்காலக் கற்பனையாக இருக்கலாம். கணக்குகளில் அவருக்கிருந்த பெரும்பங்கு கற்பனையன்று. வா அவசரப்படவில்லை. மீண்டும் மீண்டும் சரிபார்த்து, 1856இல்தான் 29,002 அடி என அறிவித்தார். மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 8,840. இன்று ஏற்கப்பட்டுள்ள அளவுக்கு அது ஒன்பது மீட்டர் அளவே குறைவு.

பெயருக்கு எழுந்த வழக்கு

உயரத்தை அறிவித்த அதே மடலில் வா பெயரையும் அறிவித்தார். உள்ளூர்ப் பெயரையே வழங்க வேண்டும் எனத் தம் தலைவர் கற்பித்ததை அவர் மறக்கவில்லை. ஆனால் நேபாளத்துக்குள் நுழைந்தாலன்றி அப்பெயரை அறிய இயலாது. ஆதலால் தம் முன்னவரான எவரெஸ்டின் பெயரையே அதற்கு இடுவதாக எழுதினார். தலைவரின் நெறியை மீறியே தலைவரைப் பெருமைப்படுத்திய விந்தை இது. வாவின் நன்றியுணர்வு உண்மையானதே. ஆயினும், பெயர் தெரியவில்லை என்பதும் பெயர் இல்லை என்பதும் ஒன்றல்ல.

எதிர்ப்பு உடனே எழுந்தது. காட்மாண்டுவில் நெடுங்காலம் ஆங்கில அரசின் பேராளராக இருந்து, அப்போது டார்ஜிலிங்கில் வாழ்ந்த பிரயன் ஆட்சன், அச்சிகரத்துக்குத் தேவதுங்கா என்னும் பெயர் நேபாளத்தில் வழங்குகிறது என்றார். ஜெர்மானிய ஆய்வாளர்களான சிலாகின்ட்வைட் உடன்பிறந்தார் கௌரிசங்கர் என்பதே அதன் பெயர் என்றனர். கௌரிசங்கர் அதற்கு மேற்கேயுள்ள வேறொரு மலை என்பது 1903இல் நேபாளத்துக்குள்ளிருந்து நோக்கியபின்தான் உறுதியாயிற்று. வடக்கே திபெத்திய மக்கள் அச்சிகரத்தைச் சோமோலுங்மா என அழைத்து வந்தனர். அப்பெயர் 1730களிலேயே பாரிசில் வெளியான நிலப்படத்தில் இடம்பெற்றிருந்தது. கல்கத்தாவில் இருந்தோர் அப்படத்தைக் கருத்தில் கொள்ளவில்லை.

1857இல் இலண்டன் அரச புவியியல் கழகத்தில் இச்செய்தி பேசப்பட்டபோது எவரெஸ்டும் அங்கிருந்தார். தமக்குக் கிடைத்த பெருமைக்கு நன்றி சொன்ன அவர், கூடவே ஒரு தடையையும் எழுப்பினார். தம் பெயரைப் பாரசீக எழுத்திலோ இந்தி எழுத்திலோ சரியாக எழுத இயலாது. இந்திய மக்களின் நாவுக்கும் அது பொருந்தாது என்பது அவர் கூற்று. அவர் வாழ்நாளெல்லாம் கடைப்பிடித்த நெறிக்கு ஒத்த கூற்றே இது. கழகமோ 1865இல் எவரெஸ்ட் என்னும் பெயரையே ஏற்றுக்கொண்டது.

அதே 1856இல் காரகோரத் தொடரில் அளவை நடத்திய மான்ட்கோமரி என்பவர், தாம் கண்ட சிகரங்களுக்குக் கே1, கே2 எனக் குறியிட்டார். முதலாவதற்கு மாசர்பிரம் என்னும் உள்ளூர்ப் பெயர் கிடைத்தது. உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கே2, ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாகவே இன்றும் வழங்குகிறது.

எவரெஸ்டின் இறுதிக்காலம் இலண்டனில் கழிந்தது. 1846இல் மணம்புரிந்து மக்கள் அறுவரைப் பெற்றார். 1847இல் தம் அளவைகளை நூலாக வெளியிட்டார். 1861இல் சர் பட்டம் பெற்றார். அவருடைய தம்பி மகளான மேரி கணிதக் கல்வியில் புகழ்பெற்றவர். இன்றைய கணினிகளின் ஏரணத்துக்கு அடித்தளமிட்ட ஜார்ஜ் பூல் அம்மையாரின் கணவர். 1866 திசம்பர் 1ஆம் நாள் எவரெஸ்ட் காலமானார். ஓவ் என்னும் கடற்கரை ஊரின் கோயில் வளாகத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய குடும்பத்தார் தம் பெயரை ஈவ்ரெஸ்ட் என்றே ஒலித்தனர். மலையோடு சேர்ந்து உலகெங்கும் பரவிய ஒலிப்பு அதுவன்று. அவர் அஞ்சியது இந்திய மக்களின் நாவைக் குறித்து. பெயரை மாற்றி ஒலித்தவர்களுள் அவருடைய நாட்டவரும் அடங்குவர்.

இருபதாம் நூற்றாண்டில் நேபாள வரலாற்றறிஞர் பாபுராம் ஆச்சாரியர் சாகர்மாதா என்னும் பெயரை முன்வைத்தார்; வானின் நெற்றி என்று அதற்குப் பொருள் கூறுவர். நாளடைவில் நேபாள அரசும் அதை ஏற்றது. 2020 திசம்பரில் நேபாளமும் சீனமும் இணைந்து அச்சிகரத்தின் புதிய உயரம் 8,848.86 மீட்டர் என அறிவித்தன. நேபாளம் அதைச் சாகர்மாதா என்றது. சீனம் சோமோலுங்மா என்றது.